தானாகவே ஓடும்

வேதகிரி கணினியின் தலையில் மூன்றாம் முறையாகத் தட்டினார்.

முரண்டு பிடிக்கும் மாட்டைத் தட்டுவது போன்ற தட்டு. மாடாக இருந்தால் மதித்திருக்கும்.

பால் நிலையத்தின் சன்னலுக்கு வெளியே நாற்பது பேர் கேன்களோடு நின்றார்கள். மணி ஏழே கால். ஏழரைக்கு வாலாஜாபாத் வண்டி வந்து தொட்டிப் பாலை எடுத்துப் போய்விடும். கணினி பதிவுச் சீட்டைத் தராமல் ஒரு சொட்டும் தொட்டியில் ஊற்றக் கூடாது என்பது நிலையத்தின் சட்டம். அதை எழுதிச் சுவரில் ஒட்டியவர் நிலைய மேலாளரான வேதகிரியேதான். இரண்டு வரிச் சட்டத்தில் மூன்று பிழைகள்.

செவ்வந்தி வரிசையில் நான்காவதாக நின்றாள். அவளுடைய கேனில் இரண்டு எருமைகளின் பால், ஒன்பது லிட்டர். கறந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. கேனின் வயிறு வெயிலில் சுடத் தொடங்கியிருந்தது. இந்த வண்டியைத் தவறவிட்டால் அது பாலாக வீடு திரும்பாது.

போன வாரம் வரை அவள் அந்தச் சன்னலுக்கு உள்ளே இருந்தவள்.

முன்பெல்லாம் பால் பதியும் கணினி நிரலைத் தினமும் யாராவது ஒருவர் கையால் கிளப்பிவிட வேண்டும். திரையில் அது ஓடும் கறுப்புக் கட்டத்தை மூடினால் நின்றுபோகும். மின்சாரம் போனால் நின்றுபோகும். 'மூட வேண்டாம்' என்று திரையோரம் காகிதம் ஒட்டியிருந்தும், அதைப் படித்துக்கொண்டே மூடியவர் வேதகிரி. செவ்வந்திதான் பொறுக்க மாட்டாமல், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, அந்த நிரலைக் கணினியின் சொந்தக் கடமைகளில் ஒன்றாக ஆக்கிவைத்தாள். கணினி எழுந்தால் நிரலும் எழும். விழுந்தால் பத்து விநாடியில் தானே எழுந்துகொள்ளும். ஒருவரும் தொட வேண்டாம்.

யாருடைய பெயரில் ஓட வேண்டும் என்று மட்டும் கணினி கேட்டது. ஒரு பெயரைக் கொடுத்தாள்.

ஐந்து மாதம் நிரல் நிற்கவே இல்லை. ஐந்து மாதமும் யோசித்து வேதகிரி ஒரு முடிவுக்கு வந்தார்: தானாகவே ஓடும் என்றால் இவள் எதற்கு?

வேலையைவிட்டு அனுப்பியதோடு அவர் விடவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை அடித்தார், கோடு கோணலாக. பெயர்ப் பலகையிலிருந்து சுரண்டினார். கணினியிலும் தேடிப் பிடித்து அழித்தார். அழித்துவிட்டுத் தேநீர் வரவழைத்துக் குடித்ததாகக் கேள்வி.

ஏற்கெனவே எழுந்திருந்த நிரல் அதற்குப் பிறகும் ஓடியது. வேதகிரிக்கு அதில் தனிப் பெருமை. நேற்றிரவு மின்சாரம் போய் வந்தது. காலையில் கணினி எழுந்தது, நிரல் எழவில்லை.

திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி. பத்து விநாடிக்கு ஒருமுறை அதே வரி மீண்டும் வந்தது. அதைப் படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. யாரைத் திட்டலாம் என்றே தோன்றியது. மின்சாரத்தைத் திட்டினார், எலியைத் திட்டினார், வரிசை நேராக இல்லை என்று வரிசையையும் திட்டினார்.

பின்னால் நின்ற ஜெயம்மாள் செவ்வந்தியின் விலாவில் இடித்தாள்.

"நீதான் போய் இன்னான்னு பாரேன்மே. இந்தாளு தட்டிக்கினே கீறாரு, என் பாலு தயிரா ஆய்க்கினு கீது."

போகாமலிருக்க செவ்வந்திக்கு நியாயம் இருந்தது. கையில் கேனும் இருந்தது. போனாள்.

சன்னல் கம்பி வழியாக அந்த வரியை ஒருமுறை படித்தாள். மறுமுறையும் படித்தாள். சிரிக்கவில்லை.

பெரிய படிப்பாளி, என்ன எழுதியிருக்கிறதென்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றார் வேதகிரி.

"செவ்வந்தின்னு யாரும் இல்ல, அதனால ஓட்ட முடியலன்னு எழுதிக்கீது சார்."

அவர் முகம் அந்த வரியின் நிறத்துக்கு வந்தது. வேலை போயும் கொழுப்பு அடங்கவில்லையா என்று கேட்டார். விளக்க அவள் வாயெடுப்பதற்குள் கையை நீட்டி வரிசையின் கடைசியைக் காட்டினார். அவள் கேனைத் தூக்கிக்கொண்டு நாற்பதாவது ஆளாகப் போய் நின்றாள்.

பிறகு அவர், நிலையத்துக்குக் கணினி வைத்துத் தந்த சென்னைப் பொறியாளரைக் கைபேசியில் பிடித்தார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைத் திறந்து வைத்தார். படித்த மனிதரோடு தாம் பேசுவதை ஊர் கேட்க வேண்டுமல்லவா?

பொறியாளர் பொறுமைசாலி. சிவப்பு வரியைப் படிக்கச் சொன்னார். நீளமான ஆங்கிலம் என்றார் வேதகிரி. அப்படியானால் மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர் இருக்கும், அந்த ஆளைத்தான் கணினி தேடுகிறது, அதை மட்டும் எழுத்தெழுத்தாகச் சொன்னால் போதும் என்றார் அவர்.

வேதகிரி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எஸ்," என்றார் உரக்க. "ஈ. வி. இன்னொரு வி."

அங்கே நின்றார்.

ஏரிக்கரைத் திருப்பத்தில் பால் வண்டியின் ஹாரன் கேட்டது. வரிசை மொத்தமும் திரும்பிக் கடைசி ஆளைப் பார்த்தது.

"சொல்லுங்க சார்," என்றது கைபேசி. "அப்புறம்?"