இயர்போனில் ஒரு பெண்குரல்

லோகேஸ்வரி அறைக்குள் நுழைந்தாலே அவள் கணவன் கமலநாதன் இரண்டு விசைகளைத் தட்டுவான். மடிக்கணினியில் திறந்திருந்ததெல்லாம் மறைந்துவிடும். காதில் எப்போதும் இயர்போன். சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று கிள்ளான் வீட்டிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிவிடுவான்.

அன்று அவள் பொறுக்கமாட்டாமல் ஒரு இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். ஒரு பெண் ஆங்கிலத்தில் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இவ?"

"கம்ப்யூட்டர்தான் பேசுது லா. எந்த விண்டோ திறந்திருக்குன்னு சொல்லும். ஸ்கிரீனைப் பார்க்காம கீபோர்டுலயே மாத்திக்கலாம். சனிக்கிழமை ஓவர்டைம் இல்ல, பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கிளாஸுக்குப் போய்க் கத்துக்கிறேன்."

"பார்க்காம எதுக்கு மாத்தணும்?"

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

"கண்ணு மங்கிட்டே வருது. சரிபண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேலையைத் தொடர்ந்து செய்ய முடியும்னு தெரிஞ்ச பிறகு உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனருகில் உட்கார்ந்தாள்.

"மறுபடியும் தட்டுங்க. எனக்கும் கேக்கணும்."