போத்தலுக்கு ஒரு பூட்டு

"வாற கிழமை வரைக்கும் காணவேண்டிய மருந்து. அதுக்குள்ள போத்தல் காலி. ஆர் குடிச்சது?"

டொக்டர் சிவதர்சினியின் பார்வை நேரே ரஜிதன் மேல்தான் போனது. வேலையில்லாத பொடியன், தலைக்குச் செம்பட்டை நிறம் வேறு அடித்திருந்தான். சந்தேகப்பட இதைவிட என்ன வேண்டும்?

கட்டிலில் அவனுடைய தகப்பன் சிற்றம்பலம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வயிற்றில் புற்றுநோய். இனி மாற்ற முடியாது, நோவை மட்டும் அடக்கலாம். அதற்குத்தான் அந்த மோர்பின் பாணி மருந்து.

"தம்பி, இது நீ போதைக்குக் குடிக்கிற சாமானில்லை."

"நான் குடிக்கேல்லை டொக்டர்," என்றான் நிலத்தைப் பார்த்தபடி.

"மருந்துக்குப் பூட்டு, வருத்தக்காரருக்கு நோவில்லாத நித்திரை. எவ்வளவு வசதி குறைஞ்ச இடத்திலயும் இதுக்குக் கீழ இறங்கேலாது. முரசுமோட்டையில வீடு வீடாப் போய்ப் பாக்கிற எங்கட சேவைக்கு இந்தத் தரத்தை எழுதினதே நான்தான்."

குரலில் பெருமை இருந்தது. நியாயமான பெருமைதான், இல்லையென்று சொல்ல முடியாது.

"இப்பிடி மருந்து களவு போனா இனி வீட்டில தரமாட்டன். ஐயா ஆஸ்பத்திரிக்குத்தான் வரவேணும்."

ரஜிதனின் தாய் விமலேஸ்வரி பதறிப்போனாள். "கடைசி மூச்சு வீட்டிலதான் எண்டு இவர் கேட்டிருக்கிறார் டொக்டர். டேய், உண்மையைச் சொல்லடா!"

"அவனை ஏசாதை," என்றார் சிற்றம்பலம் மெல்ல. "அவனிட்டப் பாதியைக் குடுத்தனுப்பினது நான்."

"ஆருக்கு?"

"வாய்க்காலுக்கு அங்கால இருக்கிற பழனியாண்டிக்கு. வாயில புற்று. ஒரே கத்தல், பிள்ளை. அதைக் கேட்டுக்கொண்டு முழுசாக் குடிக்க எனக்கு மனம் வரேல்லை."

"ஒருத்தருக்கு அளந்த மருந்தை இன்னொருத்தருக்குக் குடுக்கிறது ஆபத்து ஐயா! அவர் ஏன் எங்களிட்டப் பதியேல்லை?"

"அவரின்ர பெண்சாதி மீனம்மா வந்து கேட்டவா. பாலம் உடைஞ்சு கிடக்கு, வாகனம் போகாத வீட்டுக்கு நாங்கள் போறேல்லை எண்டு உங்கட ஆக்கள் திருப்பி அனுப்பிப்போட்டினம். அதுவும் தரத்தில எழுதிக் கிடக்காம்."

டொக்டரின் முகம் சுண்டிப்போனது. அதையும் எழுதியது அவர்தான்.

மருந்துப் பையைத் தூக்கினார்.

"தம்பி, நான் கதைச்சது பிழை. என்னை அங்க கூட்டிக்கொண்டு போங்கோ. வாய்க்காலில தண்ணி எவ்வளவு நிக்குது?"

ரஜிதன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

"கணுக்கால்தான் நனையும் டொக்டர்."