கேட்பவர்கள்

நாட்டை எதிரிப்படை பிடித்தபின், கடல் தாண்டி அயல்நகரம் ஒன்றிலிருந்து அரசு நடத்திவந்தார் கர்னல் அதிரதன். தினமும் மாலையில் வானொலியில் தன் மக்களோடு பேசுவார். அன்று தோணியில் தப்பிவந்த சவேரி என்ற மீனவரை ஒலிபரப்பு அறைக்கு அழைத்துவந்தார்கள். அவர் உட்காருவதற்குள் கர்னல் கேட்டார்: “என் பேச்சு அங்க கேக்குதா?”

“நல்லாவே கேக்குதுங்க ஐயா. ரேடியோ சத்தம் வர்ற வீட்டுக்குள்ள பட்டாளம் புகுந்துடுது. எங்க தெருவுல இப்ப ஆம்பளைங்களே இல்ல.”

கர்னல் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். “அப்படியும் கேக்குறாங்களா?”

“பொம்பளைங்க கேக்குறாங்க. போர்வைக்குள்ள வெச்சு.”

ஒலிபரப்பு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. எழுதிவைத்திருந்த உரையைக் கர்னல் ஒதுக்கினார்.

“உங்கள் வானொலியை அணைத்துவிடுங்கள்” என்றார்.

அவர்கள் அணைப்பதற்கு நேரம் கொடுப்பவர்போலச் சற்றுக் காத்திருந்தார். பிறகு, மைக்கை இன்னும் அருகில் இழுத்து, தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்.