ஆளில்லாத கடல்

தீவுச் சுற்றுலா மேலாளர் அவர்களுக்கு,

அன்று படகில் நால்வர் இருந்தோம். முன்பலகையில் நானும் என் மனைவி சுடர்க்கொடியும், எதிரே அவள் தம்பி வேலாயுதம், எஞ்சின் பக்கத்தில் படகோட்டி இருதயராஜ். காலை முழுக்க மணலில் சும்மா படுத்துக் கிடந்தோம். மதியம் உங்கள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்க்க மூவரும் இறங்கினோம். கூட இருக்கும் மனிதர்களை அது மறைத்துவிடும், கடல் முழுதும் உங்களுக்கே என்றீர்கள். சொன்னபடியே மறைத்தது.

என் காலை ஏதோ பற்றியது. கண்ணாடி வழியே பார்த்தால் கடற்பாசி. உதறிவிட்டு நீல மீன்களின் பின்னால் போனேன். நான் உதறியது சுடர்க்கொடியின் கை. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அவள் மூழ்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி போடாத இருதயராஜ்தான் குதித்துத் தூக்கினார். "யோவ், பொண்டாட்டி சாவுறா, நீ மீன் பாக்குறியா?" என்று ஏசினார். விருந்தினரை ஏசியதற்காக அவரை நீக்கிவிட்டு, எனக்கு இன்னொரு நாள் இலவசம் என்கிறீர்களே, வெட்கமாக இல்லை? முதலில் அவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ப. செண்பகநாதன், சாத்தூர்.

சுடர்க்கொடியிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஏசினார்னு ஏன் எழுதுறீங்க? கேட்டார்னு எழுதுங்க. நீங்க இன்னும் பதில் சொல்லலையே" என்றாள்.

அடித்துத் திருத்தினேன். கையெழுத்துக்குக் கீழே, 'ஆமாம், மீன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதி, உறையை ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தேன்.