பெட்டி போன பக்கம்

"நிண்டு போச்சு, சேர்."

பரமலிங்கம் மாஸ்டரின் கையிலிருந்த சோக்கு இரண்டாய் முறிந்தது.

"என்னடா நிண்டு போச்சு?"

"ரியாக்ஷன் நிண்டு போச்சு, சேர். அதுதான் ஒண்டும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்றான் அருட்பிரகாசம்.

"உன்ரை மூளைதான் நிண்டு போச்சு! இங்கிலீசிலை சொன்னன், விளங்கேல்லை. தமிழிலை சொன்னன், விளங்கேல்லை. இனி என்ன, தேவாரமாய்ப் பாடவோ?"

வகுப்பு சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் ஓங்கி அடித்தார்.

"மூடின பாத்திரத்துக்குள்ளை சுண்ணாம்புக் கல்லைச் சூடாக்கிறம். கல்லு சுட்ட சுண்ணாம்பும் வாயுவுமாய்ப் பிரியுது. அதே நேரம் சுண்ணாம்பும் வாயுவும் சேர்ந்து திரும்பக் கல்லாகுது. போற வேகமும் வாற வேகமும் ஒண்டானால், வெளியிலை நிண்டு பாக்கிறவனுக்கு ஒண்டும் நடக்காத மாதிரித்தான் தெரியும். அதுதானடா சமநிலை! நீ போறதை மட்டும் பாக்கிறாய். வாறதை ஆர் பாக்கிறது, உன்ரை கொப்பனோ?"

அந்த எரிச்சல் அடங்காமலே சைக்கிளை மிதித்துக் கரவெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். படலையைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து போகிற அளவு ஓட்டை. அதற்குள்ளால் அவருடைய மனைவி பாலேஸ்வரி, துணியால் மூடிய பனையோலைப் பெட்டி ஒன்றை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை அதை வாங்கியது.

அது அவருடைய தங்கச்சி குணலட்சுமியின் கை. புருஷன் மலாயாவில். அங்கே யப்பான்காரன் வந்த பிறகு கடிதமும் இல்லை, காசும் இல்லை. அவளுக்கு மிஞ்சியிருந்தது தகப்பன் சீதனமாய் எழுதிக் கொடுத்த வயல் ஒன்றுதான். "அப்பு நினைவு தப்பின நேரம் எழுதினது, செல்லாது" என்று அந்த வயலைக் கேட்டு மாஸ்டர் வழக்குப் போட்டிருந்தார். வாற கிழமை விசாரணை. அண்ணனும் தங்கச்சியும் கதைத்து வருஷமாகிறது.

"எடியே! சண்டைக் காலத்திலை கூப்பன் அரிசி எங்களுக்கே காணாது. நீ பெட்டி பெட்டியாய் அங்காலை அள்ளிக் குடுக்கிறியோ? என்ரை வயலையும் திண்டு, என்ரை பானையையும் திங்கிறாளோ உவள்?"

"இஞ்சாருங்கோ, சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோவன்..."

"ஒரு கதையும் வேண்டாம்!"

உடுப்பு மாற்றவும் இல்லை. பனங் கருக்குமட்டையை இழுத்து வந்து, கை கிழியக் கிழியப் பொட்டை அடைத்தார்.

பங்கீடு வந்த நாளிலேயே அரிசிப் பானைக்குள் கரியால் ஒரு கோடு கீறி வைத்தவர் அவர். சங்கக்கடையில் அரிசி போடுகிற நாளுக்கு முதல் நாள் பார்த்தால், பானையில் அரிசி எப்போதும் அந்தக் கோட்டிலேயே நிற்கும். "அளந்து சமைச்சால் கூப்பன் அரிசி தாராளம். நாக்கை அடக்கத் தெரியாததுகள்தான் கவண்மேந்தைத் திட்டுதுகள்" என்று மற்ற வாத்திமாருக்கு அவர் உபதேசம் செய்வது வழக்கம்.

"வாற கிழமை பார், அரிசி கோட்டுக்கு மேலை நிக்கும்" என்றார் மனைவியிடம்.



மறு கிழமை, வழக்குக்கு முதல் நாள், இரண்டு வேளையும் சோற்றுக்குப் பதில் குரக்கன் பிட்டு வந்தது. மாஸ்டர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்ப் பானையைத் திறந்தார்.

அடி தெரிந்தது.

"எங்கையடி அரிசி? வேலிக்கு மேலாலை எட்டிக் குடுத்தியோ?"

பாலேஸ்வரி அகப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்கும் பொறுமை போய்விட்டது.

"பொட்டை அடைச்சது ஆர்?"

"நான்தான்! அடைச்ச பிறகு அரிசி கூடவெல்லோ வேணும்? எப்பிடிக் குறையும்?"

"அண்டைக்கு அந்தப் பெட்டியுக்குள்ளை என்ன கிடந்தது எண்டு பாத்தனீங்களோ?"

"அரிசி! வேறை என்ன?"

"நாலு முருங்கைக்காய். மச்சாளின்ரை பெட்டியை வெறும் பெட்டியாய்த் திருப்பிக் குடுக்கக் கூடாதெண்டு போட்டுக் குடுத்தனான். பெட்டி இஞ்சையிருந்து போனதைக் கண்டனீங்கள். அங்கையிருந்து அரிசியோடை வந்ததைக் காணேல்லை."

மாஸ்டர் பானைக்குள் இருந்த கரிக்கோட்டைப் பார்த்தார். பிறகு, "அவளோ? எனக்கோ?" என்றார்.

"அண்ணைக்குக் குரக்கன் ஒத்துக்கொள்ளாது, வயித்துக்குள்ளை குத்தும் எண்டு கிழமைக்குக் கிழமை தந்தவ. சொல்லிப்போடாதையுங்கோ மச்சாள், தெரிஞ்சால் பட்டினி கிடப்பார் எண்டும் சொன்னவ."

"விசர்க் கதை கதையாதை! மலாயாக் காசும் வாறேல்லை. அவளுக்கு எங்காலை அரிசி?"

"எங்காலையோ? நாளைக்குப் பருத்தித்துறைக் கோட்டிலை நீங்கள் பறிக்கப் போற வயலின்ரை அரிசிதான். வேட்டி தோய்ச்சு வைச்சிருக்கிறன், கட்டிக்கொண்டு போங்கோ."