வீட்டுக்கு ஓர் அடி

மழைநீர்க் கால்வாயில் கழிவுநீரை விட்டதற்காக மரியதாஸைத் தெருமுனை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் அவனை அடிக்க வேண்டும். ஒரு வீடு தவறினாலும் தெருவுக்குக் குடிநீர் லாரி வராது. மாநகராட்சி இதற்கு மக்கள் பங்கேற்பு என்று பெயர் வைத்திருந்தது.

எதிர்வீட்டுக் கோமளா அவன் முதுகில் கம்பால் மெல்லத் தட்டினாள். கம்பின் நுனியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இவ்வளவு மெதுவா அடிச்சா செல்லாதும்மா. பச்சை எரியற வரைக்கும் அடிங்க," என்றார் வார்டு அலுவலர்.

அவள் அழுதுகொண்டே மறுபடி அடித்தாள். மறுபடியும் சிவப்பு. பச்சை எரிவதற்குள் அவன் சட்டை கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. அடுத்து வந்தவர்களுக்கும் அவன்மீது பிரியம் உண்டு. அவர்களும் மெதுவாகவே தொடங்கினார்கள்.

கடைசியில் அலுவலர் மரியதாஸின் மனைவி எஸ்தரிடம் கம்பை நீட்டினார். "உங்க வீடும் இந்தத் தெருதானேம்மா."

"பாத்து மெதுவா அடிடி," என்றாள் கோமளா.

"நீங்க அடிச்ச மாதிரியாக்கா?"

எஸ்தர் கம்பை இரண்டு கைகளாலும் ஓங்கி, உடம்பின் பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள். உள்ளே எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பச்சை எரிந்தது.

"முடிஞ்சுதா?" என்றான் மரியதாஸ்.

"முடிஞ்சிடுச்சுங்க," என்றாள் எஸ்தர். "ஒண்ணுதான்."