பிலோமினா வீட்டுச் சூடு

குன்னூரில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பிட்காயின் இயந்திரம் இரைந்தது. விழும் காசு கரண்ட் பில்லுக்கே போதவில்லை என்று தெருவே விற்றுத் தலைமுழுகியது. பிலோமினா மட்டும் விடவில்லை. வீம்பு பிடித்தவள் என்று வாய் வலிக்கப் பேசினார்கள்.

அவள் கணவர் சவரிமுத்துவோ, ஒருநாள் அதை வாங்குகிற ஆளையே கூட்டிவந்துவிட்டார். பிலோமினா இயந்திரத்தை மறித்து நின்றாள். அந்தக் குளிரில் இட்லி மாவு பொங்குவதே இயந்திரத்தின் சூட்டில்தான்.

அதற்குள் எதிர்வீட்டு ஹேமா மாவுக் குண்டானோடு வந்து நின்றாள். "அண்ணே, உங்க மெஷின் புண்ணியத்துல எங்க மாவும் பொங்குது. இட்லி பூ மாதிரி! தெருவே உங்களத்தான் பெருமையா சொல்லுது."

பிலோமினா பார்க்கப் பார்க்க சவரிமுத்துவின் நெஞ்சு நிமிர்ந்தது. வந்தவரிடம் திரும்பினார்.

"மன்னிச்சுக்குங்க சார், இது விக்கிறதுக்கில்ல. உங்ககிட்ட இன்னொரு மெஷின் இருக்கா? அடுத்த தெருக்காரங்களும் கேக்குறாங்க."